நாகர்கோவிலில் ஓட இடமும் துணையும் தேடுபவருக்கு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் பொறியியல் முடித்த பெண், வயது 22. வேலை கிடைத்து நாகர்கோவிலுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. கல்லூரியில் நாலு வருஷம் விடுதித் தோழிகளோடு காலையில் ஓடியவர், 10 கிலோமீட்டர் போட்டி இரண்டு முடித்திருக்கிறார். இங்கே ‘ரன்னிங் கிளப்’ என்று எதுவும் கண்ணில் படவில்லையாம். எங்கே ஓடுவது, யாரோடு ஓடுவது, தனியாகப் போகலாமா என்று கேட்கிறார். ஷார்ட்ஸ் போடலாமா என்று அடைப்புக்குறிக்குள் இன்னொரு சின்னக் கேள்வி.

இடத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் ஒன்றரை மாதமாக நீங்கள் ஓடாமல் இருப்பதற்கு இடம் காரணமாக எனக்குத் தெரியவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்ட ஆள் இல்லை, அதுதான் விஷயம். நான் இந்த மாவட்டத்தில் 26 வருஷமாக உடற்கல்வி ஆசிரியை. மாவட்டப் போட்டி, மண்டலப் போட்டி என்று பதக்கம் வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். படிப்பு முடித்து வேறு ஊருக்குப் போனவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் வருஷத்திலேயே ஓட்டத்தை விட்டுவிட்டார்கள். கால் வலியால் நிறுத்தியவர்கள் ரொம்பக் குறைவு. கூட ஓட ஆள் இல்லாமல் நிறுத்தியவர்கள்தான் அதிகம். அதனால் இடங்களைச் சொல்வதற்கு முன்னால் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

கோவையில் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரே நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு கூட்டமாக ஓடுபவர்களைப் பார்த்துப் பழகியிருப்பீர்கள். இங்கே அந்த மாதிரி பலகையும் பனியனும் வைத்துத் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஓடுபவர்கள் இருக்கிறார்கள், வேறு பெயர்களில் இருக்கிறார்கள். முதல் கூட்டம், போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் தயாராகிற பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு மாஸ்டர் இருப்பார், கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சுமாக. இரண்டாவது, நடைப்பயிற்சிக்காரர்கள். ஓய்வு பெற்றவர்கள், சர்க்கரை வந்தவர்கள், கடை திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் நடக்கிற அண்ணாச்சிமார். மூன்றாவது கூட்டம் சிறியது, ஆனால் உங்களுக்கு அதுதான் முக்கியம்: மூத்தோர் தடகளப் போட்டிகளுக்குப் போகிறவர்கள். நாற்பது, ஐம்பது, அறுபது வயதில் தினமும் எட்டு கிலோமீட்டர் சத்தமில்லாமல் ஓடிவிட்டு வேலைக்குப் போவார்கள். எந்தச் சாலையில் நாய் உண்டு, எந்த மாதம் எந்த ஊரில் போட்டி நடக்கும் என்று எல்லாம் இவர்களுக்குத் தெரியும்.

வடசேரி பக்கம் இருக்கும் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு ஒரு நாள் காலை ஐந்தே காலுக்குப் போய்ப் பாருங்கள். இருட்டில் முதலில் செருப்புச் சத்தம்தான் கேட்கும், அது நடப்பவர்கள். கொஞ்ச நேரத்தில் ‘ரெடி, ஓ’ என்று ஒரு குரல், அப்புறம் பத்துப் பதினைந்து கால்கள் ஒன்றாகத் தடதடவென்று. போலீஸ் தேர்வில் பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடவேண்டும்; ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். அதையேதான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருப்பார்கள். ஓரத்தில் ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு வயதானவர் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருப்பார். யாரிடமும் பேசமாட்டார். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ உங்களைத் தாண்டும்போது, “மக்ளே, லேசு அவுந்து கெடக்கு பாரு” என்பார். அடுத்த வாரம் எந்த ஊர், எங்கே வேலை என்று கேட்பார். அதற்கும் அடுத்த வாரம் ஒரு நாள் நீங்கள் போகாவிட்டால் மறுநாள், “நேத்து வரல்லியே மக்ளே?” என்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் சேர்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்று. ஒரே இடம், ஒரே நேரம், வாரத்தில் நாலு நாள், மூன்று வாரம். இன்று மைதானம், நாளை கடற்கரை, மறுநாள் மலை என்று போனால் எல்லா இடத்திலும் புது ஆளாகவே இருப்பீர்கள். இடையில் பக்கத்து ஊர்களில் கல்லூரியோ மருத்துவமனையோ ஆலயமோ நடத்தும் ‘மினி மாரத்தான்’ எதற்காவது பெயர் கொடுங்கள். (மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர்தான். எங்கள் பக்கம் மூன்று கிலோமீட்டர் ஓடினாலும் மாரத்தான்தான், அதை விட்டுவிடுங்கள்.) ஓடி முடித்ததும் சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடாமல், நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் வந்தவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துப் பேச்சுக் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் அவர்கள் கைப்பேசியில்தான் இருக்கின்றன, இணையத் தேடலில் வராது. ஓட்டத்தைப் பதிவு செய்கிற ஸ்ட்ராவா செயலியில் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் யார் எந்தச் சாலையில் ஓடுகிறார்கள் என்று பார்ப்பதும் உதவும். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் தொடங்கி வாசலில் முடிகிற மாதிரி ஓட்டத்தைப் பொதுவில் போடாதீர்கள். செயலியில் தொடக்க இடத்தை மறைக்க வசதி இருக்கிறது, அதை முதலில் செய்யுங்கள்.

போலீஸ் பயிற்சிப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். சேரலாம், வாரத்தில் ஒரு நாள். அதற்கு மேல் வேண்டாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு 27 வயதிருக்கும்போது ராணுவத்துக்குத் தயாராகிற பையன்களோடு ஓட ஆரம்பித்தேன். அவர்கள் குறி 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடிப்பது, அதாவது கிலோமீட்டருக்கு மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு. தினமும் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். அவர்களுக்குத் தேர்வு மூன்று மாதத்தில் முடிந்துவிடும், எனக்கு முடியாதே. ஐந்தாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள்பக்கம் வலி. தைலம் போட்டுத் தேய்த்துக்கொண்டு ஓடினேன். எட்டாவது வாரம் படியிறங்க முடியவில்லை. மூன்று மாதம் ஓட்டமே இல்லை. உடற்கல்வி படித்தவளே இப்படிச் செய்தேன் என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன். எலும்பு நெடுக விரவிக் கிடக்கும் வலி என்றால் ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு விரல் நுனியால் ‘இங்கேதான்’ என்று தொட்டுக் காட்ட முடிகிற வலி, ராத்திரி படுத்திருக்கும்போதும் இருக்கிற வலி என்றால் ஓடுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். அது எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம்.

இனி இடங்கள். அண்ணா விளையாட்டரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் வருவது. கட்டணம், நேரம் எல்லாம் அவ்வப்போது மாறும், அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். அப்படியே மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் முதலமைச்சர் கோப்பை பற்றியும் விசாரியுங்கள். பள்ளி, கல்லூரிப் பிரிவுகள் போக பொதுமக்கள் பிரிவும் உண்டு, அதில் நீங்கள் கலந்துகொள்ளலாம். தடத்தில் ஓடும்போது ஒரு மரியாதை: உள் வரிசையை வேகமாக ஓடுபவர்களுக்கு விட்டுவிட்டு வெளியே ஓடுங்கள். முறையான தடத்தில் முதல் வரிசை 400 மீட்டர் என்றால் எட்டாவது வரிசை ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 453 மீட்டர். கைக்கடிகாரம் காட்டும் கணக்கு ஏன் ஒத்துப்போகவில்லை என்று குழம்பவேண்டாம்.

பள்ளி மைதானங்களில் பெரும்பாலும் 200 மீட்டர் சுற்றுதான் போட முடியும். வளைவு நெருக்கமாக இருப்பதால் இடது காலுக்குச் சுமை கூடும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை திசையை மாற்றி ஓடுங்கள். அனுமதிக்கு நேராகத் தலைமையாசிரியரிடம் போனால் யோசிப்பார். முதலில் அந்தப் பள்ளியின் பி.இ.டி. டீச்சரைப் பாருங்கள். எங்களுக்கு ஓடத் தெரிந்த ஒரு இளம் பெண் மைதானத்துக்கு வருகிறாள் என்றால் சந்தோஷம்தான், பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு ஆள் கிடைத்தது என்று நினைப்போம். சனிக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், கேட் சாவியே கைக்கு வந்துவிடும்.

நீண்ட ஓட்டத்துக்கு எனக்குப் பிடித்தது சானல்கரைகள். நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற கால்வாய்களைத்தான் இங்கே சானல் என்போம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயலோ தென்னந்தோப்போ. ஏற்ற இறக்கம் இல்லை, வண்டி குறைவு. சுசீந்திரம், தேரூர் குளங்களை ஒட்டிய சாலைகளும் நல்லவை. அந்தச் சதுப்புநிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வெளிநாட்டுப் பறவைகள் வரும் மாதங்களில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பீர்கள், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சானல்கரையில் இருட்டில் போகாதீர்கள். பாம்பு ஒரு காரணம், ஆள் நடமாட்டம் இல்லாதது இன்னொரு காரணம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல் அறுப்புச் சமயத்தில் சாலையில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள், காலை வைத்தால் வழுக்கும்.

கடற்கரை கேட்க நன்றாக இருக்கும். சங்குத்துறை, சொத்தவிளை எல்லாம் பக்கம்தான். ஆனால் மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும். அலையோர ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும், முழங்கால் வெளிப்பக்கம் வலிக்க அது போதும். வாரத்தில் ஒருநாள் இருபது நிமிடம் போதுமானது. மணக்குடி வழியாகக் கன்னியாகுமரி பக்கம் போகிற கடலோரச் சாலையில் ஓடினால் கடலும் கிடைக்கும், தார்ச்சாலையும் கிடைக்கும். அலையில் கால் நனைக்கும் ஆசை வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. காற்றும் மழையும் இல்லாமல் திடீரென்று கடல் ஏறுவதைக் கள்ளக்கடல் என்பார்கள். எச்சரிக்கை வந்த நாளில் மணலில் இறங்கவே வேண்டாம்.

ஏற்றம் வேண்டுமென்றால் பொற்றையடி பக்கம் மருந்துவாழ்மலை. அங்கே ஓடவேண்டாம், வேகமாக ஏறி நிதானமாக இறங்கினாலே தொடைக்குப் போதும். விடுமுறை நாளில், நாலு பேர் சேர்ந்து. குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர் தோட்ட நிழலில் மேடும் பள்ளமுமான சாலைகள் அருமையாக இருக்கும், அதுவும் துணையோடு மட்டும். நான்குவழிச் சாலையும் களியக்காவிளை சாலையும் வேண்டவே வேண்டாம். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளம் போகிற டாரஸ் லாரிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். கார்த்திகை, மார்கழியில் இன்னொன்று: சபரிமலை போய்விட்டுக் கன்னியாகுமரிக்கு வருகிற வேன்கள். ஓட்டுநர் ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கமாட்டார். எந்தச் சாலையானாலும் வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டி கண்ணில் படும்படி ஓடுங்கள். காதில் பாட்டு வேண்டாம்.

நேரத்தைப் பற்றி ஒரு கணக்கு. இங்கே ஜூனில் சூரியன் ஆறு மணியை ஒட்டி உதிக்கும். ஜனவரி கடைசியில் 6.40 ஆகிவிடும். எனவே ஜூனில் ஐந்தே முக்காலுக்கு இருக்கும் வெளிச்சம் ஜனவரியில் ஆறேகாலுக்கு மேல்தான் வரும். தனியாக ஓடும் பெண்ணுக்கு இந்த அரைமணி நேரம் பெரிய விஷயம். இருட்டுக் காலத்தில் மைதானம், வெளிச்சக் காலத்தில் சாலை என்று மாற்றிக்கொள்ளுங்கள். எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டுக்கார அக்காவிடமோ பக்கத்து அறைத் தோழியிடமோ சொல்லிவிட்டுப் போங்கள்.

கோவைக் காற்று காய்ந்த காற்று. இங்கே கடல் பக்கம், வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. முதல் இரண்டு வாரம் உங்கள் பழைய வேகம் வராது, இதயம் அதிகமாக அடித்துக்கொள்ளும். பத்துப் பதினாலு நாளில் உடம்பு பழகிவிடும், இது உறுதியாகத் தெரிந்த விஷயம். அதுவரை பேச்சுக் கொடுக்க முடிகிற வேகத்தில் ஓடுங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று ஆளைத் தள்ளும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்த மாதங்களில் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புங்கள். மாற்றிச் செய்தால் வியர்த்துக் களைத்த பிறகு எதிர்காற்றில் சிக்குவீர்கள். ஓடுவதற்கு முன் இரண்டு மட்டிப்பழம் (இந்தப் பக்கத்து வாழைப்பழம்), வந்த பிறகு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர். இதற்கு மேல் விலை கொடுத்து எதையும் குடிக்கவேண்டியதில்லை, ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கு.

உறுதியில்லாதவற்றையும் சொல்லவேண்டும். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக்கூடாது என்று எல்லோரும் சொல்வோம், நானும் சொல்வேன். ஆனால் சோதித்துப் பார்த்தபோது அந்த விதி காயத்தைக் குறைப்பதாக நிரூபணம் ஆகவில்லை. அளவோடு கூட்டு என்பதற்கு ஒரு ஞாபகக்குறிப்பு, அவ்வளவுதான். ஓடுவதற்கு முன் நின்றபடி தசையை இழுப்பது காயத்தைத் தடுக்கும் என்பதும் அப்படித்தான். மெதுவாக ஐந்து நிமிடம் ஓடிச் சூடேற்றுவது மேல். 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் உச்ச இதயத்துடிப்பு ஒரு சராசரி, உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு கூடக் குறைய இருக்கலாம்.

இன்னொன்றை ஆசிரியையாக மட்டும் சொல்லமுடியும், மருத்துவம் எனக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மூச்சு வாங்குகிறது, கால் பாரமாக இருக்கிறது என்றால் வேகப் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே என்றால் மருத்துவரிடம் போங்கள். ஓட ஆரம்பித்தபின் மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ ‘நிறைய ஓடுகிறோம், அதனால்தான்’ என்று விடாதீர்கள். சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம், எலும்பையும் பாதிக்கும். என் மாணவி ஒருத்தி இதை எட்டு மாதம் மறைத்து வைத்திருந்தாள்.

நாய். ஓடாதீர்கள், நின்று, நேருக்கு நேர் முறைக்காமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். 2013-இல் சானல்கரையில் ஒன்று என் கணுக்காலுக்கு மேல் பிடித்துவிட்டது, ஓட நினைத்ததுதான் நான் செய்த தப்பு. கடித்தாலோ நகம் கீறினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போகவேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். எல்லாத் தவணையையும் முடிக்கவேண்டும்.

கூட்டமாக ஓடுவது இந்த ஊருக்குப் புதிதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மகா சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் நடக்கும். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோவில்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல், காவியுடுத்து, கையில் பனையோலை விசிறியோடு, ‘கோவிந்தா, கோபாலா’ என்று சொல்லிக்கொண்டு வெறுங்காலோடு ஓடுவார்கள். வழியெங்கும் வீட்டு வாசலில் சுக்குக்காப்பியும் கஞ்சியும் வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். அதில் வருஷா வருஷம் ஓடுகிறவர்கள் யாரையாவது மைதானத்தில் பார்த்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீண்ட தூரத்தில் நிதானம் என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லித்தரத் தெரியாது, கூட ஓடினால் தெரியும்.

பெரிய குழுவோடு ஓடும் ஆசை விடவில்லை என்றால் மாதத்தில் ஒரு ஞாயிறு திருவனந்தபுரம் போய் வாருங்கள். அங்கே குழுக்கள் வெளிப்படையாக இருக்கும், தேடினால் கிடைக்கும். முதல் நாள் மாலை ரயிலில் போய்த் தங்கினால் நல்லது.

கடைசியாக ஷார்ட்ஸ். மைதானத்துக்குள் போடலாம், அங்கே பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் போடுகிறார்கள். வீட்டிலிருந்து மைதானம் வரைக்கும் மேலே ஒரு டிராக் பேண்ட் மாட்டிக்கொள்ளுங்கள், சட்டம் ஒன்றுமில்லை, உங்களுக்குத் தொந்தரவு குறையும். நடக்க வருகிற அக்காமார் முதல் வாரம் முறைப்பார்கள். இரண்டாவது வாரம் தங்களுக்குள் பேசுவார்கள். மூன்றாவது வாரம் ஒருத்தி பக்கத்தில் வந்து, “இது எங்க எடுத்தது மக்ளே, வெலை எவ்ளோ?” என்று துணியைத் தொட்டுப் பார்ப்பாள், தன் மகளுக்கு வாங்க.